நத்தை கட்டிய தண்டம்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுக்கிறாய், உன் மாத்திரையை மட்டும் மறந்துவிடுவாய். அத்தானும் நலம்தானே?

போன வருஷம் போனில் கட்சி பேசிக் கத்தி, இரண்டு மாதம் முகம் திருப்பிக்கொண்டு கிடந்தோமே, அதற்கு இந்தக் கடித ஏற்பாடு எவ்வளவோ மேல். எழுதும்போது நாக்கு நீள்வதில்லை.

ஒரு சமாச்சாரம். நான் நடத்தும் இணையக் குழு ‘அரட்டைக்கூடம்’ பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரு பக்கம் அரசியல், ஒரு பக்கம் இயற்கை. அரசியலில் சூடாகப் பேசியவர் இயற்கைப் பக்கத்தில் ஒரு உயிரினச் செய்தி போட்டுத் தண்டம் கட்டிவிட்டுத்தான் மறுபடி வாய் திறக்க வேண்டும். அது என் சட்டம். அத்தானை ‘நத்தை’ என்ற பெயரில் நான்தான் சேர்த்துவிட்டேன். பறவை, பூச்சி என்று அழகாக எழுதுவார். ஆறு மாதமாக அரசியல் பக்கமும் வருகிறார். சென்ற வாரம் நான் தேர்தல் பற்றி ஒரு நீண்ட கட்டுரை போட்டேன். நத்தை கீழே வந்து, “ஐந்து வருஷத்துக்கு முன்பும் நம் குழுத் தலைவர் இதே கட்டுரையைத்தான் போட்டார், தேதியையாவது மாற்றியிருக்கலாம்” என்று பழையதையும் எடுத்துப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். நானூறு பேரும் சிரித்தார்கள். இன்னும் சிரிக்கிறார்கள்.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. வீட்டில் ‘தண்ணி கொடு’ என்பதற்கே யோசிக்கிற மனிதருக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்றுதான் ஆச்சரியம். உனக்குத் தெரியுமா?

சூடாக எழுதியிருந்தால் இதோ என் தண்டம்: கீச்சான் என்ற குருவி, பிடித்த இரையை முள்ளில் குத்தி வைத்துவிட்டுப் பிறகு சாவகாசமாகத் தின்னும்.

அன்புடன் தம்பி

ஜனவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அச்சகத்தில் காபியிலேயே காலத்தை ஓட்டுகிறாயா?

குழுச் சண்டையைக் குழுவிலேயே விடு. அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

இங்கே வேறு கவலை. பஸ் டிப்போவில் டிக்கெட் கவுன்ட்டரை மூடப்போகிறார்கள். எல்லாம் இனி மெஷின். இருபத்தாறு வருஷம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்த உன் அத்தானை மார்ச் மாதத்தோடு போகச் சொல்லிவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் இடிந்து போயிருப்பார்கள். இவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், ஏரிப் பூங்காவில் வருகிறவர்களுக்குப் பறவைகளைக் காட்டிச் சொல்ல ஒரு ஆள் எடுக்கிறார்களாம். மனு போட்டார், கூப்பிட்டுவிட்டார்கள். மக்கள் முன்னால் அரை மணி நேரம் பேசிக் காட்ட வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் வேறு எந்த வேலைக்கு அவரைக் கூப்பிடுவார்கள், சொல்.

தினமும் துணி துவைக்கும் மெஷினுக்கு முன்னால் நின்று பேசிப் பழகுகிறார். ஆப்பிரிக்கக் காட்டு நாய்கள் வேட்டைக்குக் கிளம்பலாமா என்று தும்மி ஓட்டுப் போடும் என்பது அவருக்கு ரொம்பப் பிடித்த செய்தி. “ஏரிப் பறவைல இதுமாதிரி ஒண்ணு கிடைச்சா போதும், அசந்துருவாங்க” என்கிறார். உனக்குப் படித்தவர்கள் பழக்கம் உண்டு. ஏதாவது கிடைத்தால் அனுப்பு. பழசை மனசில் வைக்காதே.

பாசத்துடன் அக்கா

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே வேண்டுகிறேன். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. இருமல் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள் பத்து லட்சம் அச்சடிக்கிறோம். கம்ப்யூட்டரில் எழுத்தை அடுக்கிப் பக்கம் போட்டுப் போட்டுக் கண் பூத்துவிட்டது.

அத்தானைப் பற்றிப் படித்ததும் மனசு கேட்கவில்லை. என் நண்பர் ஒருவர் பறவை ஆராய்ச்சியில் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். ஒரு பத்திரிகையிலிருந்து கத்தரித்து ஒரு பக்கம் கொடுத்தார், இதோடு வைத்திருக்கிறேன். கூழைக்கடாக்கள் ஒரு ஏரியை விட்டு இன்னொரு ஏரிக்குக் கிளம்பும் முன் அலகைத் தட்டி ஓட்டுப் போடுகின்றனவாம். பாதிக்கு மேல் தட்டினால்தான் கூட்டம் கிளம்புமாம். படம், பட்டியல், அடிக்குறிப்பு எல்லாம் இருக்கிறது. அத்தான் கேட்டது மாதிரியே அமைந்துவிட்டது பார்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை முன்கூட்டியே குழுவில் போட வேண்டாம் என்று சொல். வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நேராக மேடையில் சொல்லட்டும்.

அன்புடன் தம்பி

பிப்ரவரி 19

என் செல்லத் தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து இவருக்குத் தலைகால் புரியவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். டிப்போவில் உடன் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் காட்டியாகிவிட்டது. ஒருவர் விடாமல் கையை அலகு மாதிரி வைத்துத் தட்டிக் காட்டுகிறார். நான் உலை வைக்கப் போனால் பின்னாலேயே வந்து தட்டுகிறார்.

இன்னொரு இடத்திலும் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாமா என்று ஒரு நாள் யோசித்தார். பிறகு அவரே, “உன் தம்பி கொடுத்ததுதானே, சரியாத்தான் இருக்கும். சந்தேகப்பட்டேன்னு தெரிஞ்சா அவன் வருத்தப்படுவான்” என்று விட்டுவிட்டார்.

மார்ச் ஐந்தாம் தேதி பேச்சு. புதுச் சட்டை எடுத்திருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பாசத்துடன் அக்கா

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரத்தில் நாலு வரி. நான் நலம். ஐந்தாம் தேதி எத்தனை மணிக்கு? எந்த வாசல் பக்கம்? வருகிறவர்கள் போனில் படம் எடுக்க விடுவார்களா? அந்த ஊரில் நம் குழுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், போய்க் கைதட்டச் சொல்லலாம் என்று கேட்கிறேன். தபால் தாமதமாகும், நேரத்தை மட்டும் ஒரு அட்டையில் எழுதிப் போட்டுவிடு.

அன்புடன் தம்பி

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஏரிக்கரையில் நாற்பது, ஐம்பது பேர் நின்றார்கள். தேர்வு செய்ய மூன்று அதிகாரிகள். ஆரம்பத்தில் இவர் இரண்டு வார்த்தை தடுமாறினார், பிறகு நன்றாகப் பேசினார். தம்பி, அவ்வளவு நன்றாகப் பேசுவார் என்று எனக்கே தெரியாது. சின்னப் பிள்ளைகள் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். கண்ணாடி போட்ட அதிகாரி அம்மாள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். இருபத்தைந்து நிமிஷம் எல்லாம் சரியாகத்தான் போயிற்று.

கடைசியில் கூழைக்கடாவைச் சொன்னார். அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு, “இது எங்க படிச்சீங்க சார்?” என்றார். இவர் பெருமையாகச் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் பதினெட்டு வருஷமா கூழைக்கடா மேலதான் ஆராய்ச்சி பண்றேன். இப்படி ஒரு பத்திரிகையே கிடையாது. இதை யார் கொடுத்தாங்க உங்களுக்கு?” என்றார்.

இவர் பேரைச் சொல்லவில்லை. மறுபடி கேட்டார்கள். அப்போதும் சொல்லவில்லை. பொய்த்தாளைத் தானே செய்துகொண்டு வந்ததாக எழுதி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில், “பேரைச் சொல்லியிருக்கலாமே” என்றேன். “தெரியாம கொடுத்திருப்பான். அவன் பேரை எதுக்கு இழுக்கணும்” என்றார்.

யாரோ அதைப் படம் எடுத்திருக்கிறார்கள். சாயங்காலமே உன் குழுவில் வந்துவிட்டதாம். யார் போட்டது?

அக்கா

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கண்டு மிகவும் வருந்தினேன். அத்தானுக்கு என் ஆறுதலைச் சொல். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா?

அந்த வீடியோவை நான்தான் போட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? எப்படியும் வெளியே வந்திருக்கும், வேறு யாராவது போட்டு அசிங்கமாக எழுதுவதற்கு முன்னால் நாமே போட்டுவிடலாமே என்றுதான் போட்டேன். ‘நத்தையார் தலைமையில் கூழைக்கடா தேர்தல்’ என்று நான் வைத்த தலைப்பு வெறும் தமாஷ். மற்றவர்கள் எழுதியதற்கு நான் பொறுப்பில்லை. அடுத்தவர் எழுதுவதைத் தோண்டி எடுத்துத் தப்புக் கண்டுபிடிக்கிறவர், தன் செய்தியையும் சோதித்திருக்க வேண்டாமா? பொது இடத்துக்கு வந்தால் நாலு அடி விழத்தான் செய்யும். எனக்கு விழவில்லையா?

ஆராய்ச்சி நண்பர் வெளிநாடு போய்விட்டார், பிடிக்க முடியவில்லை.

குழுச் சட்டப்படி நத்தை ஒரு மன்னிப்பு எழுத வேண்டும். அதுவரை அவர் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறேன். சொந்தக்காரர் என்று சலுகை காட்டினால் நாளை என்னைக் கேட்பார்கள்.

என் தண்டம்: செத்த எறும்பின் வாடையை உயிருள்ள எறும்பின் மேல் தடவிவிட்டால், மற்ற எறும்புகள் அது காலை உதைக்க உதைக்கத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பையில் போட்டுவிடும். வாடை போகிறவரை திரும்பி வந்தாலும் மறுபடி தூக்கிப் போடும்.

அன்புடன் தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

சௌக்கியமா என்று கேட்கிற பழக்கத்தால் கேட்கிறேன்.

டிப்போவில் அவருடைய கடைசி நாளுக்கு மாலை போட்டார்கள். மாலை போட்ட கையோடு எல்லாரும் வரிசையாக நின்று கையை அலகு மாதிரி வைத்துத் தட்டினார்கள். ‘கிளம்பலாம், பாதிக்கு மேல ஓட்டு விழுந்துருச்சு’ என்று ஒருவன் கத்தினான். இவரும் சிரித்தாராம். வீட்டில் வந்து சொல்லிவிட்டு மறுபடி சிரித்துக் காட்டினார்.

ஒரே கேள்வி. அந்த ஆராய்ச்சி நண்பரின் பெயர் என்ன, முகவரி என்ன? அதை வைத்து நான் பூங்கா அலுவலகத்தில் பேசுவேன். வேலைக்கு இன்னும் ஆள் போடவில்லை. இந்த மாதம் முடிகிறவரை நேரம் இருக்கிறது. உடனே எழுது.

அக்கா

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், உங்கள் இருவர் நலத்துக்கும் விழைகிறேன். ஏப்ரல் முழுக்க வேலை, மே மாதம் காய்ச்சல். அதனால்தான் இத்தனை நாள். இங்கே வெயில் தாங்கவில்லை, அங்கே மழை வந்ததா? தேர்தல் முடிவைப் பார்த்தாயா? நான் சொன்னபடியே நடந்தது. குழுவில் இப்போது ஐந்நூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். அரசியல் பக்கம் மட்டும் முன்போல் கலகலப்பாக இல்லை, குறுக்கே பேச ஆளே இல்லை.

நண்பர் விஷயம், அவர் இருக்குமிடம் தெரிந்ததும் சொல்கிறேன். பூங்கா வேலைக்கு ஆள் போட்டிருப்பார்களே இதற்குள்? அத்தானுக்கு வேறு நல்லது கிடைக்கும். மனசை விட வேண்டாம் என்று சொல்.

பல்லி ஆபத்தில் வாலை விட்டுவிட்டு ஓடிவிடும், வால் மறுபடி முளைக்கும். இதையும் அவருக்குச் சொல்.

அன்புடன் தம்பி

ஜூன் 12

தம்பிக்கு,

உன் வால் முளைத்துவிட்டதா?

அந்தத் தாளைப் பூங்காவில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நேற்று உறையிலிருந்து எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தேன். இருமல் மருந்து விளம்பரம் என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார். அது விளம்பரம் இல்லை, மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற தாள். பதினாலு வருஷமாக அந்தத் தாள்களைத்தான் நான் வேலை பார்க்கிற மருந்துக் கடையில் படித்துக்கொண்டிருக்கிறேன். பொடி எழுத்தைப் படிக்கக் கண் பழகிவிட்டது. அடியில் மருந்துக் கம்பெனி பெயர், உரிம எண், கடைசியாக அச்சிட்டவர்: உன் அச்சகம். நிஜமான பத்திரிகைக்குப் பின்பக்கம் ஏதாவது இருக்க வேண்டும் என்று யோசித்த புத்திசாலிக்கு, தினமும் தன் கையாலேயே போடுகிற அந்த ஒரு வரி கண்ணில் படவில்லை. எழுத்துக்கு எழுத்து உட்கார்ந்து செய்திருக்கிறாய். படத்துக்கு விளக்கம், அடிக்குறிப்பு, பக்க எண் நாற்பத்தேழு. எத்தனை நாள் ஆயிற்று இதற்கு?

இப்போது நான் சொல்கிறேன், நீ உட்கார்ந்து கேள். உன் கட்டுரையைத் தோண்டி எடுத்து ஒட்டியது அவர் இல்லை, நான். அரசியல் பக்கத்தில் ஆறு மாதம் பேசியதெல்லாம் நான். சாப்பாட்டு மேஜையில் அவர் போனை வாங்கி எழுதுவேன். நீ தண்டம் கேட்டதும், “ரொம்பச் சூடாப் பேசிட்டேன், ஒண்ணு கட்டுங்க” என்று அவரிடம் நீட்டுவேன். சிரித்துக்கொண்டே ஒரு பறவையை எழுதிப் போடுவார். அவர் உன் அரசியலை ஒரு நாளும் படித்ததில்லை, அவருக்கு அது தூக்கம் வரவழைக்கும்.

ஜனவரியில் நீ கேட்டாய், இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று. அந்த வாய் யாருடையது என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். நான் எழுதவில்லை. நானூறு பேர் நடுவில் உன்னை வாயடைத்து உட்கார வைத்தது எனக்கு இனித்தது. அந்த இனிப்பை விட மனசில்லை. நீ அவரைத்தான் நினைக்கிறாய் என்று தெரிந்தே விட்டுவிட்டேன். உனக்கு அவர் மேல் வன்மம் இருக்கும் என்று தெரிந்தே, அவருக்கு உதவி செய் என்று உன்னிடமே கேட்டேன். என்னை எதால் அடிப்பது என்று தெரியவில்லை.

தண்டம் கட்ட என்னிடம் செய்தி எதுவும் இல்லை.

நத்தை

செப்டம்பர் 1

அக்காவுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நலமா என்று கேட்க வாய் வரவில்லை.

நீ சொல்லியிருந்தால் நான் செய்திருக்க மாட்டேன். உன்னிடம் என்றால் போனில் நாலு கத்து கத்தியிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். அவர் என்று நினைத்ததால்தான் பொறுக்கவில்லை. வாயில்லாப் பூச்சி என்று நினைத்த மனிதர் என்னைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டாரே என்று ஆத்திரம். ஒன்பது நாள் ஆயிற்று அந்தப் பக்கத்தைச் செய்ய. செய்யும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ கேட்டாயே, அதனால் சொல்கிறேன்.

பூங்கா அலுவலகத்துக்கு உண்மையை எழுதிவிட்டேன். குழுவிலும் எழுதிவிட்டேன். ஐந்நூறு பேரும் சேர்ந்து என்னைக் கிழிக்கிறார்கள், கிழிக்கட்டும். நத்தையின் கணக்கைத் திறந்துவிட்டேன். அத்தான் ஒரு செய்தி போட்டால் போதும், சின்னதாக ஒன்று. அவர் என்னை மன்னித்தாரா என்று மட்டும் எழுது.

தம்பி

அக்டோபர் 17

தம்பிக்கு,

உன் கடிதத்தில் நீ செய்ததை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டினேன். பூங்காவிலிருந்தும் பதில் வந்தது. வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள். வேலையை மே மாதமே வேறொரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். வாசலில் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழித்துக் கொடுக்க ஆள் வேண்டும், விருப்பமிருந்தால் வரலாம் என்று எழுதியிருந்தார்கள். போய்விட்டார். ஒரு மாதம் ஆகிறது. நீலச் சட்டை கொடுத்திருக்கிறார்கள், தோளில் தொங்குகிறது.

மன்னித்தாரா என்று கேட்டாய். உன்னை அன்றைக்கே மன்னித்துவிட்டார். “அவன் சின்னப் பையன் மாதிரி, கோபத்துல பண்ணிட்டான்” என்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய மனசுக்கு முன்னால் ஒளித்து வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஜனவரியில் நீ எழுதியதையும், நான் தெரிந்தே பேசாமல் இருந்ததையும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தார். “அப்போ உனக்கு முதல்லயே தெரியும்” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னிடம் சண்டையும் போடவில்லை, பேச்சும் இல்லை. கேட்டால் ‘ம்’. தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறார். போனை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார், நத்தை இனி வராது. உன் ஐந்நூறு பேருக்கும் சொல்லிவிடு.

நேற்று மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போய்விட்டார், கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலிலிருந்து பார்த்தால் ஏரி தெரியும். தண்ணீரில் ஒரு முக்குளிப்பான் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் அவர் எனக்கு முதன்முதலாகக் காட்டிக் கொடுத்த பறவை அது. எங்கே முங்கும், எங்கே எழும் என்று பந்தயம் கட்டி ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். எப்படியாவது அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்கிவிடலாம் என்று, தெரியாதவள் போலக் கையை நீட்டி, “அது என்ன பறவைங்க?” என்று கேட்டேன்.

அவர் ஏரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வண்டி நிறுத்த வருகிற வேற்று மனிதர்களிடம் பேசுகிற அதே குரலில், “தெரியலைங்க” என்றார். பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. “கொஞ்சம் ஓரமா நில்லுங்கம்மா” என்று சொல்லிவிட்டு டோக்கன் கிழிக்கப் போய்விட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். இனி எழுத வேண்டாம்.

அக்கா